ஊசியா, கத்தியா?

சென்ற மாதக் கடைசியில் வந்த தபால்களில் ஒன்று நாலு பக்கக் கடிதம். எழுதியவர் பத்து மாதக் கைக்குழந்தைக்குத் தாய். ஊர், பெயர் வேண்டாம். அவர் எழுதியதில் ஒரு பகுதியை, அவர் சம்மதத்தோடு, அப்படியே தருகிறேன்.

"டாக்டரம்மா, இடது பக்கம் எலுமிச்சங்காய் அளவு கட்டி. பால் கட்டிக்கிட்டிருக்குன்னு மாமியார் மூணு வாரம் ஒத்தடம் கொடுத்தாங்க, மல்லிகைப் பூ வச்சுக் கட்டினாங்க. கரையலை. ஸ்கேன் எடுத்தோம். ‘பைராட்ஸ் 4ஏ’ன்னு போட்டிருக்கு. ஸ்கேன் எடுத்த டாக்டர் கோர் பயாப்ஸி பண்ணணும்னார். எங்க குடும்ப டாக்டர், எஃப்.என்.ஏ.சி. போதும், சின்ன ஊசியிலேயே பார்த்துடலாம்ங்கறார். என் சின்ன மாமனார், ஊசி குத்தினா பரவிடும், ஒரேயடியா அறுத்து எடுத்துடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறார். மூணு பேர் மூணு விதமாச் சொன்னா நான் யார் பேச்சைக் கேக்கறது? ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அழுகையா வருது."

இது அடுத்த இதழ் வரை காத்திருக்கிற சமாசாரம் இல்லை. அதனால் அன்றைக்கே அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனாலும் இதே குழப்பம் நம் வாசகிகளில் இன்னும் பல பேருக்கு வரக்கூடியது. வந்த பிறகு படித்துப் புரிந்துகொள்ள மனசு இடம் கொடுக்காது. இப்போதே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த ‘4ஏ’. ஸ்கேன், மாமோகிராம் எடுக்கும் டாக்டர்கள் தாங்கள் பார்த்ததற்குப் போடும் மார்க் அது. பிள்ளைகளின் பரீட்சை மார்க் மாதிரி ஏற ஏறச் சந்தோஷம் இல்லை. 1லிருந்து 5 வரை ஏற ஏறச் சந்தேகம்தான் கூடும். 2 என்றால் சாதாரணக் கட்டிதான். 3 என்றால் அநேகமாகச் சாதாரணம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 என்று வந்துவிட்டால் திசுவை எடுத்துச் சோதிக்காமல் விடக்கூடாது. அந்த 4க்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று படி. முதல் படியான ஏ என்று நூறு பேருக்கு எழுதினால், அதில் 2 முதல் 10 பேருக்குத்தான் புற்றுநோயாக இருக்கும். மீதித் தொண்ணூறு பேருக்கு வேறு ஏதோ.

சரி, அந்த வேறு ஏதோ என்னது என்று தெரியணுமே! ஸ்கேனில் தெரிவது நிழல். நிழலைப் பார்த்து ஆள் இன்னார் என்று சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு. கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். அந்தக் கிள்ளலுக்குப் பேர்தான் பயாப்ஸி. ‘பயாப்ஸி எழுதிட்டாங்க, அப்போ புற்றுநோய்தான்’ என்று எத்தனையோ பேர் வாசலிலேயே அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பயாப்ஸி என்பது கேள்விதான் அம்மா, பதில் இல்லை.

எப்படிக் கிள்ளுவது என்பதில்தான் இந்த மூன்று பேருக்கும் தகராறு.

குடும்ப டாக்டர் சொன்ன எஃப்.என்.ஏ.சி.யை எடுத்துக்கொள்வோம். ஊசி மெல்லியது, 22லிருந்து 25 நம்பருக்குள் இருக்கும். கையால் தைக்கிற ஊசி மாதிரியேதான் இதற்கும் கணக்கு: நம்பர் ஏற ஏற மெலியும். பெரும்பாலும் மரத்துப்போகிற மருந்துகூடத் தேவைப்படாது. கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, ஊசியை உள்ளே விட்டு நாலைந்து தரம் முன்னும் பின்னும் அசைத்தால் செல்கள் ஊசிக்குள் ஏறிக்கொள்ளும். அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சில நிமிஷ வேலை. செலவும் குறைவு. பல இடங்களில் மறுநாளே ரிப்போர்ட் கிடைத்துவிடும். நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் 1930லேயே இப்படி ஊசி போட்டுக் கட்டிகளைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். அதை மெல்லிய ஊசியாக்கி அன்றாட வழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் ஸ்வீடன் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை மட்டமாக நினைக்காதீர்கள். நீர்க்கட்டியாக இருந்தால் ஊசியில் நீர் வந்து, கட்டி கண் முன்னாலேயே அமுங்கிப்போகும். சோதனையும் அதுவே, வைத்தியமும் அதுவே. (நீரில் ரத்தம் கலந்திருந்தால் மட்டும் அதைக் கொட்டிவிடாமல் சோதனைக்கு அனுப்பணும்.) பால் கொடுக்கிறவர்களுக்குப் பால் தேங்கி உருண்டையாக நிற்பது உண்டு, ஊசியில் பால் வந்தால் விஷயம் முடிந்தது. சீழ் வைத்திருந்தால் சீழ் வரும். அக்குளில் நெறி கட்டியிருந்தால் அதில் செல் எடுத்துப் பார்க்கவும் இந்த ஊசி நல்ல துணை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, சோதனைச் சீட்டில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மார்பகத்தின் செல்கள் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் மாதிரி ஓயாத வேலையில் இருக்கும். பெரிசாக, சுறுசுறுப்பாக, ஏராளமாகத் தெரியும். விஷயம் தெரியாத கண்ணுக்கு அதுவே புற்றுநோய்ச் செல் போலத் தோன்றிவிடலாம். மைக்ராஸ்கோப்பைப் பார்ப்பவர் உங்களை நேரில் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சீட்டு ஒன்றுதான்.

அப்படியானால் சின்ன ஊசியே போதாதா? போதாத இடம் எது என்று சொல்ல எனக்குக் கொழுக்கட்டைதான் ஞாபகம் வருகிறது. கொழுக்கட்டைக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தால் நுனியில் பூரணம் ஒட்டியிருக்கும். உள்ளே பூரணம் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் மேல் மாவு விண்டு பூரணம் வெளியே வழிந்திருக்கிறதா, இல்லை உள்ளேயே அடக்கமாக இருக்கிறதா? அது குச்சிக்குத் தெரியாது. ஒரு துண்டு நறுக்கி எடுத்தால்தான் மாவும் தெரியும், பூரணமும் தெரியும், விண்ட இடமும் தெரியும். மார்பகத்திலும் கெட்ட செல்கள் பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருப்பது ஒரு நிலை. குழாய்ச் சுவரைத் தாண்டிவிட்டது இன்னொரு நிலை. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றில்லை. சின்ன ஊசியில் வரும் உதிரிச் செல்களைப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

ஸ்கேன் டாக்டர் சொன்ன கோர் பயாப்ஸி அந்த நறுக்கின துண்டு. ‘ட்ரூ-கட்’ என்றும் சொல்வார்கள். சாதாரணமாக 14 நம்பர் ஊசி. கனம் இரண்டு மில்லிமீட்டர். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். அதனால் முதலில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள். அந்த மருந்து இறங்கும்போது சுரீரென்று எரியும். பலருக்கு உண்மையில் வலிப்பது அந்த ஒரு நிமிஷம்தான். பிறகு தோலில் சிறிதாகக் கீறி, ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டி வரை கொண்டுபோவார்கள். ஸ்பிரிங் விட்டதும் ‘டப்’பென்று ஒரு சத்தம். காகிதத்துக்குப் பின் அடிக்கிற மெஷின் மாதிரி. இந்தச் சத்தத்தை முன்கூட்டியே சொல்லாமல் விட்டதால் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தவர்களும் உண்டு! ஒவ்வொரு ‘டப்’புக்கும் சேமியாத் துண்டு மாதிரி ஒரு திசு வரும். மூன்று, நாலு, சில சமயம் ஐந்து துண்டு எடுப்பார்கள். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் ரிப்போர்ட் வரச் சில நாள் பிடிக்கும்.

அந்தச் சேமியாத் துண்டுகளில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்கிறீர்கள்! கட்டி இன்னது என்பது மட்டுமில்லை. புற்றுநோயாக இருந்துவிட்டால், பெண்மைக்குரிய ஹார்மோன்களால் வளர்கிறதா (ஈ.ஆர்., பி.ஆர். என்று எழுதுவார்கள்), ஹெர்-2 என்ற புரதம் அதிகமா என்பதையெல்லாம் அதே துண்டில் பார்த்துவிடலாம். மாத்திரையா, ஊசி மருந்தா, ஆபரேஷன் முதலிலா, மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷனா என்று திட்டம் போடுவது இதை வைத்துத்தான். சின்ன ஊசியிலும் ஓரளவு பார்க்கலாம் என்றாலும், இத்தனை நம்பகமாகவும் வசதியாகவும் வராது. அதனால்தான் சந்தேகமுள்ள கட்டிக்குக் கோர் பயாப்ஸி என்பது இன்றைக்குப் பொதுவான வழக்கமாகிவிட்டது.

ஆகவே இந்த வாசகிக்கு ஸ்கேன் டாக்டர் கட்சிதான் என் கட்சி. குடும்ப டாக்டர் சொன்னதும் தப்பில்லை. வெறும் பாலாக இருந்திருந்தால் அவர் வழியிலேயே முடிந்திருக்கும். ஆனால் கெட்டியான கட்டி, 4ஏ என்று மார்க், மூன்று வாரமாகியும் கரையவில்லை. துண்டாக எடுத்துப் பார்ப்பதுதான் சரி.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. 1980களின் பின்பாதி. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த நாற்பத்திரண்டு வயசு அம்மா வந்தார். கை வைத்துப் பார்த்தேன். கட்டி கல் மாதிரி இருந்தது, விரலுக்கு நழுவவில்லை. மனசுக்குள் ஏதோ உறுத்திற்று. மெல்லிய ஊசிச் சோதனைக்கு அனுப்பினேன். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சும்மா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு நாளில் ரிப்போர்ட்: ‘கொழுப்புச் செல்கள் காணப்படுகின்றன. புற்றுநோய்ச் செல்கள் இல்லை.’ எனக்கும் நிம்மதி. "ஒண்ணும் இல்லைம்மா, தைரியமாப் போயிட்டு வாங்க" என்றேன். அடுத்த வாரம் வீட்டு மரத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

பதினோரு மாதம் கழித்து அக்குளில் நெறி கட்டி வந்து நின்றார். கட்டி இரண்டு மடங்காகியிருந்தது.

ஊசி பொய் சொல்லவில்லை. ஊசி கட்டிக்குள் போகவே இல்லை. பக்கத்துக் கொழுப்பில் போய்விட்டு வந்திருக்கிறது. ரிப்போர்ட் எழுதியவர் தன் முன் இருந்ததை யோக்கியமாகத்தான் எழுதினார். ‘வெறும் கொழுப்பு என்கிறார்களே, வெறும் கொழுப்பு கல் மாதிரி இருக்குமா?’ என்று கேட்க வேண்டியவள் நான். நான் கேட்கவில்லை. ஆபரேஷன், கரண்ட் வைத்தியம், மருந்து எல்லாம் செய்தோம். நாலு வருஷம் இருந்தார். ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து ரிப்போர்ட் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதியிருந்தால் அதோடு நான் சமாதானமாவதில்லை. ‘இது இன்ன கட்டி’ என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். ஃபைப்ரோ அடினோமா என்றோ, நீர்க்கட்டி என்றோ, வீக்கம் என்றோ ஒரு பெயர் இருக்கணும். அந்தப் பெயர், கை தொட்டு உணர்ந்ததோடும் ஸ்கேனில் தெரிந்ததோடும் பொருந்தணும். கை, படம், ஊசி மூன்றும் ஒரே சாட்சி சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றில் ஒன்று மாறிச் சொன்னாலும், மறுபடி ஊசி, அல்லது இன்னும் பெரிய துண்டு. மூன்று சாட்சியையும் சேர்த்துப் பார்ப்பதுதான் டாக்டர்களின் முறை. நீங்களும் வாய் திறந்து கேட்கலாம்: "டாக்டர், இந்த ரிப்போர்ட் ஸ்கேனோடு ஒத்துப்போகுதா?" இந்த ஒரு கேள்விக்கு எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைச் சோறெல்லாம் ஒரே அரிசி, ஒரே கொதி, அதனால் சரி. கட்டி அப்படி இல்லை. ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை வேறாகவும் இருக்கும். அதனால்தான் நாலைந்து துண்டு. அதனால்தான் ஸ்கேன் பார்த்துக்கொண்டே குத்துவது. கையால் தடவிப் பார்த்து ஊகத்தில் குத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது சின்ன மாமனாருக்கு வருவோம். "ஒரேயடியா அறுத்து எடுத்துடலாம்."

கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். வீட்டில் பெரியவர்கள் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் என்ன கட்டி என்று தெரியாமல் அறுத்தால், கூடுதலாகவோ குறைச்சலாகவோ அறுத்துவிட வாய்ப்பு அதிகம். சாதாரணக் கட்டி என்றால் அந்தத் தழும்பும் மயக்க மருந்தும் வீண். புற்றுநோய் என்றால் சுற்றிலும் போதிய ஓரம் விட்டு எடுத்திருக்க மாட்டார்கள், அக்குளையும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ஆபரேஷன் வேண்டிவரும். மருந்தால் முதலில் சுருக்கலாம் என்றாலும் சுருக்கக் கட்டி இருக்காது.

ஒரு பெண்ணை அவள் அண்ணி என்னிடம் அழைத்து வந்தாள். ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் கட்டியை எடுத்து, கிண்ணத்தில் வைத்து வீட்டுக்காரரிடம் காட்டி, "பார்த்தீங்களா, சாதாரணக் கட்டி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சோதனைக்கு அனுப்பவே இல்லை! கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்றால் மைக்ராஸ்கோப் எதற்கு? எட்டு மாதத்தில் தழும்புக்கு அடியிலேயே மறுபடி கிளம்பிவிட்டது. இந்த முறை துண்டெடுத்துப் பார்த்தோம். ஃபில்லாய்ட்ஸ் என்ற வகை. சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுக்காவிட்டால் திரும்ப முளைக்கிற சுபாவம் அதற்கு. ஓரம் விட்டு எடுத்தோம், நன்றாக இருக்கிறாள். உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அது பத்தாலஜி சோதனைக்குப் போகணும். ‘அனுப்பறீங்களா?’ என்று கேட்டு வையுங்கள்.

கத்திக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கை, படம், ஊசி மூன்றும் ஒத்துப்போகாதபோது, ஊசி ரிப்போர்ட்டில் ‘சந்தேகத்துக்குரிய செல்கள்’ என்று நடுவாந்திரமாக வரும்போது, ஃபில்லாய்ட்ஸாக இருக்குமோ என்று தோன்றும்போது, முழுசாக எடுத்துப் பார்த்தே ஆகணும். மார்பகக் காம்பில் ஒரு பக்கம் மட்டும் சொறி போல வந்து, களிம்பு போட்டும் ஆறாவிட்டால், அந்தத் தோலிலிருந்தே ஒரு பொட்டு அளவு எடுத்துப் பார்க்க வேண்டும். அது தனி விஷயம். நான் சொல்வது, கத்தி முதலில் வரவேண்டியதில்லை என்பதுதான்.

அது முதலில் வந்த காலம் ஒன்று இருந்தது. நான் படித்த நாட்களில் பழைய டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண் மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியில் ஒரு துண்டை வெட்டி, உறையவைத்துச் சீவி, உடனே பார்ப்பார்கள். புற்றுநோய் என்று வந்தால் அதே மேஜையில் மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து முன்னாலேயே கையெழுத்து. கண் விழித்த பிறகு கட்டைத் தடவிப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும், இருக்கிறதா போய்விட்டதா என்று. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே 1974 செப்டம்பரில் ஒரே மயக்கத்தில் சோதனையும் ஆபரேஷனும் நடந்தன.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒருவர் மறுத்திருந்தார். நம் அம்மாக்கள் காலத்தில் சுருள்முடிச் சிறுமியாகச் சினிமாவில் ஆடிப் பாடிய ஷர்லி டெம்பிள் நினைவிருக்கிறதா? 1972இல் அவருக்குக் கட்டி வந்தபோது, முதலில் சோதனை மட்டும், பிறகு என்ன செய்வது என்பதை நான் தீர்மானிக்கிறேன் என்று டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லி, அப்படியே செய்துகொண்டார். பெண்கள் பயந்துகொண்டு வீட்டில் உட்காரக்கூடாது என்று பத்திரிகையிலும் எழுதினார். 1974இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகை எழுத்தாளர், சோதனை மட்டும் செய்து கொடுக்கச் சம்மதிக்கிற டாக்டரைத் தேடி ஒவ்வொருவராக டெலிபோன் செய்ய வேண்டியிருந்ததாம். அவர் விடாமல் போராடினார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் உட்கார்ந்தார். சோதனை ஒரு நாள், வைத்தியம் இன்னொரு நாள் என்று இரண்டாகப் பிரிப்பதே முறை என்று அந்தக் குழு சொன்னது. இன்று நாம் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, ரிப்போர்ட் வந்த பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறோமே, அது சும்மா வந்ததில்லை.

"ஊசி குத்தினா பரவிடும்" என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஊசி போன பாதையில் சில செல்கள் இடம்பெயர்வது உண்டு என்பது உண்மைதான். ஆனால் இடம்பெயர்ந்தவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. பின்னால் வரும் ஆபரேஷனும் கரண்ட் வைத்தியமும் அந்தப் பாதையையும் கவனித்துக்கொள்ளும். ஊசிச் சோதனை செய்துகொண்டதால் ஆயுசு குறைந்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. இந்தப் பயத்தால் சோதனையைத் தள்ளிப்போட்டு, நோய் தானாகவே பரவியபின் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதும் பழி ஊசி மேல்தான் விழும்!

வாக்யூம் பயாப்ஸி என்று ஒன்று பெரிய நகரங்களில் செய்கிறார்கள். கோர் ஊசியைவிடப் பருமனானது; ஒரே தரம் உள்ளே விட்டு, உறிஞ்சி உறிஞ்சிப் பல துண்டு எடுக்கும். கைக்குத் தட்டுப்படாமல், மாமோகிராமில் மட்டும் உப்புத்தூள் தெளித்தாற்போல் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகிறவர்களுக்கு இது ரொம்ப உபயோகம். எடுத்த இடத்தில் எள்ளளவு உலோக அடையாளம் ஒன்றை வைத்துவிடுவார்கள். பின்னால் தேட வேண்டியிருந்தால் வழிகாட்டும். கையில் தட்டுப்படுகிற கட்டி உள்ளவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. செலவும் அதிகம்.

பால் கொடுக்கிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தை. பயாப்ஸிக்காகக் குழந்தையைப் பால் மறக்கடிக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். மார்பகம் லேசாக இருந்தால் டாக்டருக்கும் வசதி, உங்களுக்கும் வலி குறைவு. மரத்துப்போகப் போடுகிற மருந்தால் பாலுக்குக் கெடுதல் இல்லை. ஊசித் துளை வழியாகக் கொஞ்ச நாள் பால் கசிவது எப்போதாவது நடக்கும்; நடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், பயந்துபோய்ப் பாலை நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னதாகவே சொல்லிவிடணும். ஸ்கேனோ மாமோகிராமோ எடுப்பதாக இருந்தால் ஊசிக்கு முன்னால்தான். ஊசிக்குப் பிறகு ரத்தம் கட்டிப் படம் குழம்பும். முடிந்ததும் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பார்கள். ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை, ஒரு நாள் தண்ணீர்க் குடம், கிரைண்டர்க் கல் தூக்காமல் இருப்பது போதும். நீலம் பாரித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போங்கள்.

ரிப்போர்ட்டை நிலப் பத்திரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடும், மெழுகில் பதித்த ‘பிளாக்’கும் பத்தாலஜி லாபில் இருக்கும். இன்னொரு டாக்டர் அபிப்பிராயம் வேண்டுமென்றால் அவற்றைக் கேட்டு வாங்கி அங்கே காட்டலாம், மறுபடி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. இதையெல்லாம் அந்த வாசகிக்கும் எழுதியிருந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. கோர் பயாப்ஸி செய்துகொண்டாராம். நாலு துண்டு. புற்றுநோய் இல்லை. அதோடு பெயரும் இருக்கிறது: கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ். பிரசவமாகிச் சில வருஷங்களுக்குள் இருக்கிற இளம் தாய்மார்களுக்கு வரும் ஒருவகை வீக்கம். கைக்கும் ஸ்கேனுக்கும் அசல் புற்றுநோய் மாதிரியே வேஷம் போடும். இதைக் கத்தியால் அறுத்தால் சிலருக்குப் புண் ஆறாமல் மாதக்கணக்கில் ஒழுகும். நம் நாட்டில் மார்பகத்தில் காசநோயும் இதே உருவத்தில் வருவதால், அது இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கணும். அந்தச் சோதனைக்கும் அதே துண்டுகளில் ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறார்களாம். குணமாகச் சில மாதம் ஆகும்; ஒரு வருஷம்கூட இழுக்கலாம். பொறுமை வேண்டும். மற்றப் பக்கத்தில் குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவர் டாக்டரே சொல்லிவிட்டார்.

கடிதத்தின் கடைசிப் பாராவை மட்டும் தருகிறேன்: "மாமியார்தான் கூட வந்தாங்கம்மா. ‘டப்’னு சத்தம் கேட்டப்போ என் கையை அவங்க பிடிச்ச பிடியில அதுதான் இன்னும் வலிக்குது. சின்ன மாமனாருக்கு இன்னும் நம்பிக்கை வரலை. ரிப்போர்ட்டைக் கொடு, எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டே காட்டறேன்னு கேட்டார். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துட்டேன். ஒரிஜினல் என் பீரோவில, பட்டுப் புடவைக்கு அடியில இருக்கு."